மங்கலுக்கு மருந்து பெரிய லென்ஸ் இல்லை

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன். பழைய கமரா, 70–300 மி.மீ. லென்ஸ். வாசல் செவ்வரத்தைக்கு வரும் தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் மங்கலாகவே விழுகின்றன. பாவித்த 150–600 லென்ஸ் ஒன்று தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது 2 கிலோ பாரம். 600இல் அதன் வாய், அதாவது ஒளி நுழையும் துவாரம், எஃப் 6.3 (எண் கூடினால் துவாரம் சிறிது); உங்களுடையதைவிட வெளிச்சம் குறைவு, கை நடுக்கமோ இரட்டிப்பாகத் தெரியும். மங்கல் கூடத்தான் செய்யும்.

கோளாறு ஷட்டரில், அதாவது கமரா வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும் நேரத்தில். ஒட்டோவில் விட்டால் மரநிழலில் கமரா 1/125 செக்கன் போல எதையாவது எடுத்துக்கொள்ளும். தேன்சிட்டு பூவில் தொங்கும்போதும் அதன் தலை ஓயாது. 1/1000 வேண்டும், சிறகடிப்புக்கு 1/2000. கமராவின் சக்கரத்தை எஸ் (S) அல்லது டிவி (Tv) என்று குறித்த இடத்துக்குத் திருப்பி ஷட்டரை நீங்களே வையுங்கள்; ஒளிக்கான உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வரை கமராவிடம் விடுங்கள். படம் மணல்மணலாக வரும், வரட்டும். மணலைப் பிறகு குறைக்கலாம், அசைந்த கண்ணைத் திருத்த வழியில்லை. குவியத்துக்கு (ஃபோகஸுக்கு) ஒற்றைப் புள்ளியைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும்.

காலை 6.30க்கே செடியிலிருந்து 4 மீற்றரில், வெயில் முதுகில் பட, வாங்கு போட்டு அசையாமல் இருங்கள். குருவி உங்களைப் பழகிவிடும். ஆடிக் காற்று ஏறிவிட்டால் பூவே நிற்காது. வண்ணத்துப்பூச்சி குளிர் விடும்வரை சிறகை விரித்து வெயில் காயும், பறக்காது. அப்போது சிறகுக்கு நேராகக் கமராவைப் பிடித்து எஃப் 8இல் எடுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலிருக்கும் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள். நாளைய வண்ணத்துப்பூச்சி அதுதான்.

இனி அந்தத் தரகர். பிறகு வேறு பாவித்த லென்ஸ் வாங்க நேர்ந்தாலும் இது உதவும். மலையகத்து ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) பிடிக்கும். விற்பவர் வெளிக்கண்ணாடியைத் துடைத்துப் பளபளப்பாக்கித் தருவார். பின்பக்கமாக டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பங்கஸ். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தூசு வேறு. தனித்தனிப் புள்ளியாக நிற்கும், கிளை விடாது, எந்தப் பழைய லென்ஸிலும் பத்துப் பதினைந்து இருக்கும், படத்திலும் விழாது. தூசைக் காட்டி விலை குறைக்கலாம். தூசுக்குப் பயந்து நல்ல லென்ஸை விட்டுவிடாதீர்கள். ஒரு புள்ளியிலிருந்து நூல் கிளம்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பில் தரமாட்டார்கள். பில் இல்லாமல் எங்கே போய் முறையிடுவது? புதியதை வாங்கலாமென்றால் இறக்குமதி வரி மிரட்டுகிறது. ஆட்களைத் தரகரிடம் தள்ளிவிடுவதே இந்த வரிதான்.

இருக்கும் லென்ஸைக் காப்பாற்றுங்கள். தோல் பையில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணி 100 கிராமோடு வையுங்கள். மணியின் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஐப்பசி மழைக்கு முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.