எனலாப்ரில் கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை என்றால்

டோஸை இப்போதே இரட்டிப்பாக்க வேண்டாம். கென்யாவில் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி மருத்துவ முகாமில் நீங்கள் பார்க்கும் அந்த அம்மாவுக்கு இரண்டு மாதமாக எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை எழுதியும் 160/100-இல் நிற்கிறது என்றால், மாத்திரை தினமும் வயிற்றுக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் காசுதான். நைரோபியின் குடிசைப் பகுதிகளில் எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் அன்றன்றைக்குக் கொஞ்சமாகத்தான் வாங்குவார்கள். ‘கடோகோ’ என்று பேர், சுவாஹிலியில் ‘சின்னது’. மருந்துக்கும் இதே நிலைதான். கூலி கிடைத்த அன்று நாலு மாத்திரை, கிடைக்காவிட்டால் இல்லை. வலியே தெரியாத நோய்க்காக அன்றாடச் சாப்பாடான உகாலிக் களிக்கு மாவு வாங்கும் காசை எடுக்க யாருக்கு மனம் வரும்? அவரைத் திட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மீதி எத்தனை என்று எண்ணுங்கள். “ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார். “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, இரண்டு முறை அளந்து பாருங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். கறுப்பின ஆப்பிரிக்கர்களுக்கு எனலாப்ரில் தனியாகக் கொடுத்தால் பலன் குறைவு. சஹாராவுக்குத் தெற்கே ஆறு நாடுகளில் நடந்து 2019-இல் வெளிவந்த கிரியோல் (CREOLE) என்ற மருந்து ஆய்வில், அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்த இரட்டை மருந்துகளே பிரஷரை நன்றாக இறக்கின. அங்கு டாக்டர் போலவே நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் கிளினிக்கல் ஆபீசரிடம் இதைப் பேசுங்கள்.

கர்ப்பமாக இருந்தால் எனலாப்ரில் கூடவே கூடாது. 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் முகாமில் வைத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.