மத்திய அரசு பணம் கொடுத்து மாநிலங்களின் சிறைச் செலவைக் குறைத்தால் ஊருக்குப் பாதுகாப்பு கூடுமா?

"அமெரிக்காவில் மத்திய அரசிடம் மானியம் வாங்கிக்கொண்டு மாநிலங்கள் கைதிகளை வெளியே விடுகின்றன. இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது. சரியான இடத்தில் சேர்ந்தால் பாதுகாப்பு நிச்சயம் கூடும்.

2009இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்லில் படித்துக்கொண்டிருந்தேன். ஊரின் நடுவிலேயே செங்கல் மதில் சூழ்ந்த பழைய சிறை. வேறு சிறைகளில் இருந்த ஆண்களையும் அப்போது பெரும்பாலும் இங்கே கொண்டுவந்துதான் விடுவிப்பார்கள். வெங்காய மூட்டை போன்ற வலைப்பையில் உடைமைகள், கையில் 50 டாலர் காசோலை. பரோலில், அதாவது தண்டனை முடியும் முன்பே கண்காணிப்பின் கீழ் விடுதலையாகி, வருபவர்களுக்கு மீதி 50 டாலர், பரோல் அலுவலரிடம் ஆஜரான பிறகுதான். அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு நடந்தே வருவார்கள். என்னிடம் கார் இல்லை. அரிசி, பருப்பு வாங்க ஹூஸ்டனுக்கு நானும் அந்த பஸ்ஸில்தான் போவேன்.

ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அளவு பொருந்தாத சட்டை. நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டி, "இந்த இடத்துக்கு எந்த பஸ் போகும்?" என்று கேட்டார். பரோல் அலுவலகத்தின் முகவரி. நேரத்துக்குப் போகாவிட்டால் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும் என்றார். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அந்தத் தாளைப் பத்து முறையாவது பிரித்துப் பார்த்திருப்பார்.

சிறைச் செலவு என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. சிறைக்குள் வருகிற எல்லோரும் புதிதாகக் குற்றம் செய்து வருபவர்கள் அல்லர். நன்னடத்தைக் கண்காணிப்பிலோ (சிறைக்குப் பதில் வெளியிலேயே இருந்து கழிக்கும் தண்டனை) பரோலிலோ இருக்கும்போது அலுவலரைச் சந்திக்கத் தவறியவர்கள், போதைச் சோதனையில் சிக்கியவர்கள் ஏராளம். சிகிச்சைக்கு இடம் இல்லையென்றால் நீதிபதிக்குத் தெரிந்த ஒரே இடம் சிறைதான். பரோல் கிடைத்தும், முடிக்க வேண்டிய சிகிச்சைப் பயிற்சிக்கு இடம் காலியாகாமல் உள்ளேயே காத்துக் கிடந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் சாப்பாடு, காவல், மருத்துவம் எல்லாம் அரசு செலவுதான்.

2007இல் டெக்சஸுக்கு ஒரு கணக்கு வந்தது: 2012க்குள் சிறைகளில் இன்னும் 17,000 படுக்கைகள், அதாவது அத்தனை கைதிகளுக்கு இடம், தேவைப்படும், செலவு சுமார் 200 கோடி டாலர். மாநிலச் சட்டமன்றக் கீழவையின் சிறைக் குழுத் தலைவர் ஜெர்ரி மேடன் குடியரசுக் கட்சி. மேலவையில் ஜான் விட்மயர் ஜனநாயகக் கட்சி. இருவரும் சேர்ந்து, புதிய சிறைகளுக்குப் பதிலாகச் சுமார் 24 கோடி டாலரைப் போதை மறுவாழ்வு சிகிச்சைக்கும், விடுதலையாகிறவர்கள் தங்கும் இடைக்கால விடுதிகளுக்கும், நன்னடத்தைத் துறைக்கும் ஒதுக்கவைத்தார்கள். அந்த 17,000 படுக்கைகள் கட்டப்படவே இல்லை. 2011இல், ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டில் 1909 முதல் இருந்த சிறை மூடப்பட்டது. தேவையில்லை என்று டெக்சஸ் மூடிய முதல் சிறை அதுதான். அந்த ஊரில் இன்று நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள்; நானும் அங்கேதான் இருக்கிறேன்.

2007க்குப் பிறகான அந்த ஆண்டுகளில் டெக்சஸில் குற்றங்களும் குறைந்தன. நாடு முழுவதுமே குறைந்துவந்த காலம் அது. எல்லாப் பெருமையும் இந்தத் திட்டத்துக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிறை கட்டாவிட்டால் ஊர் கெட்டுவிடும் என்ற பயம் பொய்த்தது.

இத்தகைய மாநிலங்களின் அனுபவத்தை வைத்துத்தான் 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் நீதி மறுமுதலீட்டுத் திட்டத்துக்கு (சிறைச் செலவில் மிச்சமாவதைக் குற்றத்தைக் குறைக்கும் வேலைகளில் போடும் திட்டம்) 1 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த நாட்டுக் கணக்கில் சின்னத் தொகை. யார் ஏன் உள்ளே வருகிறார்கள் என்று மாநிலத்தின் புள்ளிவிவரங்களை அலசிச் சொல்லும் வல்லுநர்களுக்கும், சட்டத் திருத்தம் செய்த மாநிலங்களின் தொடக்கச் செலவுக்கும் அது உதவியது. 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. ஆகவே உங்கள் கேள்வியில் இருப்பதுபோல, கைதியை விடுவிப்பதற்காகத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த பணம் அல்ல இது. சொல்லப்போனால், தலைகீழான மானியம்தான் முன்பு இருந்தது: 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின்படி, கொடுங்குற்றவாளிகள் தண்டனையில் 85 சதவீதத்தையாவது உள்ளேயே கழிக்கும்படி விதி செய்த மாநிலங்களுக்குச் சிறை கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது.

மிச்சமாகும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோவதுதான் இந்தத் திட்டங்களின் பலவீனம். சிறையில் மிச்சம் பிடித்ததைச் சிகிச்சைக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் திருப்பிப் போடுவதாகச் சொல்லித் தொடங்குவார்கள். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். 2025 ஏப்ரலில் மத்திய நீதித் துறையே 300க்கும் மேற்பட்ட மானியங்களை நடுவில் நிறுத்தியது. வன்முறைத் தடுப்பு, விடுதலையானவர்களுக்கான உதவி, பாதிக்கப்பட்டோருக்கான சேவை எல்லாம் அதில் அடிபட்டன. இந்தச் செயலை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அன்று ஹூஸ்டனில் இறங்கியதும் அவரை நகரப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போனேன். மாற்றிக்கொண்டு போக வேண்டிய இரண்டு பேருந்துகளின் எண்களையும் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அப்போது மணி மூன்றே கால்.