ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்கேன் பற்றியவை. நான் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களை வளர்த்து, அவை படத்தில் எப்படித் தெரிகின்றன, ஏன் அப்படித் தெரிகின்றன என்று பார்க்கும் வேலையில் இருப்பவள். மருத்துவர் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் படித்து முடிவு சொல்ல என்னால் முடியாது, அந்தப் படத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. நுரையீரலில் ஒரு புள்ளி பெட் ஸ்கேனில் நன்றாக ஒளிர்கிறதாம். இப்போது ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதுதான் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதே, குத்தினால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது அக்கா? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள் தங்கச்சி, சொந்தக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

பெட் ஸ்கேனில் தெரிவது, எந்த இடத்துச் செல்கள் எவ்வளவு சர்க்கரை எடுக்கின்றன என்பது. அப்பாவுக்கு ஊசியில் ஏற்றியது எஃப்டிஜி என்ற ஒருவகைச் சர்க்கரை, குளுக்கோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் ஓரிடத்தில் கதிரியக்க ஃபுளோரின் 18 அணுவைப் பொருத்தியிருப்பார்கள். செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுத்து, முதல் வேலையாக ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். சர்க்கரையை உடைக்கும் அடுத்த படிக்குப் போக முடியாது, ஏனென்றால் அந்தப் படி நடக்க வேண்டிய இடத்தில்தான் ஃபுளோரின் உட்கார்ந்திருக்கிறது, வெளியேறவும் முடியாது. ஆக, அதிகம் சர்க்கரை இழுக்கும் செல்களில் அது சேர்ந்துகொண்டே போகும், சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். 1976 ஆகஸ்டில் பிலடெல்பியாவில்தான் இதை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்திப் பார்த்தார்கள், மருந்து வேறு ஊரில் தயாராகி விமானத்தில் வந்தது. ஃபுளோரின் 18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் அன்று தொட்டு இன்று வரை இது நேரத்தோடு ஓடுகிற வேலைதான்.

சரி, அதிகம் சர்க்கரை இழுப்பது புற்றுச் செல் மட்டும்தானா? இல்லை. மூளை இழுக்கும், இதயம் இழுக்கும். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் நன்றாகவே இழுக்கும். நம் நாட்டில் காசநோய் இன்னும் ஒழியவில்லை, நுரையீரலில் காசநோய்க் கட்டி ஒன்று இருந்தால் பெட் ஸ்கேனில் அது புற்றுநோய் மாதிரியே ஒளிரும். இரண்டுக்கும் மருந்து வேறு. படத்தை மட்டும் நம்பி மருந்தை ஆரம்பித்து, அது தவறான மருந்தாக இருந்தால் அப்பா என்ன ஆவார் என்று சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். அப்படியே புற்றுநோய் என்றாலும் எந்த வகை என்று செல்லைப் பார்த்தால்தான் தெரியும். நுரையீரல் புற்றில் ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று அந்தச் சதைத் துணுக்கில் சோதிப்பார்கள், இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

குத்தினால் பரவும் என்ற பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஊசி போன வழியில் செல் ஒட்டி வளர்வது மிக அரிதாக நடக்கும், சில கட்டிகளில் டாக்டர்களே அதை யோசித்துத்தான் ஊசி போடலாமா, எந்தப் பக்கமிருந்து போடலாம் என்று முடிவு செய்வார்கள். நுரையீரலில் அவர்கள் அதிகம் கவனிப்பது காற்றுக் கசிவையும் இரத்தக் கசிவையும்தான். ஊசி எடுத்தபின் எக்ஸ்ரே எடுத்து, சில மணி நேரம் படுக்க வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புற்றுக்கட்டி சர்க்கரை தின்னும் என்கிறார்களே, இனிப்பை அடியோடு நிறுத்தினால் அது பட்டினியில் செத்துவிடும்தானே? என் கணவர் சோற்றையும் நிறுத்திவிட்டார், ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். (கிள்ளான் வாசகி)

பதில்: அம்மா, முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள். சாப்பாட்டில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை இருக்கும், ஏனென்றால் கல்லீரல் தசையின் புரதத்தைக் கரைத்தாவது அதைச் செய்துவிடும். கட்டிக்குச் சேர வேண்டியது சேரும், கரைவது உங்கள் வீட்டுக்காரரின் உடம்பு. கீமோவைத் தாங்க எடை வேண்டும்.

1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் என்பவர்தான் புற்றுச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளுகின்றன என்று கண்டார். செல்லின் மூச்சே கெட்டுப்போனதால்தான் அப்படி என்று அவர் நினைத்தார், அந்த விளக்கம் நிற்கவில்லை. நிறையப் புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா, அதாவது ஆக்சிஜனை வைத்துச் சக்தி எடுக்கும் உறுப்பு, நன்றாகவே வேலை செய்கிறது. வேகமாகப் பெருகுகிற செல்லுக்குப் புதுச் செல் கட்டச் சரக்கு வேண்டும், குளுக்கோஸிலிருந்து அதையும் எடுத்துக்கொள்கிறது. குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைத் தின்னும், கொழுப்பைத் தின்னும். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் டாக்டர் சொன்ன கட்டுப்பாடு வேறு விஷயம், அதை விடக்கூடாது. மற்றபடி சோறு, மீன், முட்டை, பருப்பு எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், மருத்துவமனையில் உணவியல் நிபுணரைப் பார்க்க ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தால் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: அன்றைக்கு வேண்டாம் ஐயா, மறுநாள் தாராளமாகத் தூக்குங்கள். எத்தனை மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும் என்று ஸ்கேன் எடுக்கிற இடத்திலேயே சொல்வார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரோடு சீக்கிரம் போய்விடும். எம்ஆர்ஐ என்றால் இந்தக் கவலையே இல்லை, அது காந்தமும் ரேடியோ அலையும்தான்.

கேள்வி: அக்கா, நான் எஸ்டிபிஎம் படிக்கிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் உண்மையில் என்ன செய்வீர்கள்? எல்லாரும் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்களா? (செந்தூல் மாணவி)

பதில்: மைக்ரோஸ்கோப் உண்டு, ஆனால் நாளில் பெரும்பகுதி செல்களுக்குச் சாப்பாடு போடுவதில் போகும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குடுவை, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வளரும் செல்கள், மேலே சிவப்பும் ரோஸும் கலந்த நிறத்தில் ஊட்டத் திரவம். 37 டிகிரி சூடு, 5 விழுக்காடு கரியமில வாயு உள்ள பெட்டியில் வைத்திருப்போம். அந்த நிறம் ஃபீனால் ரெட் என்ற சாயம், அமிலம் கூடினால் மஞ்சளாகும். வெள்ளிக்கிழமை மாலை சிவப்பாக வைத்துவிட்டுப் போன குடுவை திங்கள் காலையில் மஞ்சளாகியிருக்கும், அதில் பெரும்பங்கு செல்கள் தள்ளிய லாக்டிக் அமிலம். மேலே வார்பர்க் என்று எழுதினேனே, அவர் அளந்ததை நீ வெறும் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இன்றைக்கும் அதைப் பார்த்தால் ஒரு சிலிர்ப்பு வரும்.

அப்புறம் படம் எடுக்கும் வேலை. கோலசிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் பார்த்திருப்பாய். அமெரிக்காவில் வாழும் வேறொரு மின்மினியின் ஒளி மரபணுவை எடுத்துப் புற்றுச் செல்லில் சேர்த்து, அந்தச் செல்லை எலிக்குள் வளர்ப்பார்கள். லூசிஃபெரின் என்ற பொருளை எலிக்கு ஊசி போட்டு, மயக்கி, இருட்டுப் பெட்டிக்குள் கேமராவின் கீழ் வைத்தால் கட்டி இருக்கும் இடத்திலிருந்து ஒளி வரும். அந்த ஒளிக்கு ஏடிபி என்ற, செல்லுக்குச் சக்தி தரும் பொருள் தேவை, அது உயிருள்ள செல்லில்தான் இருக்கும். அதனால் மருந்து கொடுத்தபின் கட்டியின் அளவு அப்படியே இருந்தாலும் ஒளி மங்கினால், உள்ளே செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று தெரியும். எலியை அறுக்காமலே வாரக்கணக்கில் ஒரே எலியைப் பார்த்துக்கொண்டு வரலாம், அதனால் குறைந்த எலிகள் போதும். மனிதர்களுக்கு இதைச் செய்ய முடியாது, அந்த ஒளி சில சென்டிமீட்டர் சதையைத் தாண்டி வராது.

உயிரியலோடு இயற்பியலையும் விட்டுவிடாதே தங்கச்சி, படம் எடுக்கும் பக்கம் அது இல்லாமல் நகராது.

கேள்வி: மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்து ஸ்கேன் சுத்தம் என்றார்கள். பிறகும் எதற்கு மாத்திரை, எதற்கு வந்து வந்து பார்க்கச் சொல்கிறார்கள்? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

பதில்: ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கலாம் என்று கணக்குச் சொல்வார்கள். சில மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பெட் ஸ்கேனுக்குப் பிடிபடாது. ஆக "சுத்தம்" என்றால் ஸ்கேனுக்குத் தெரிகிற அளவில் எதுவும் இல்லை என்று பொருள், அது நல்ல செய்திதான், சந்தோஷப்படுங்கள். ஆனால் எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் சில செல்கள் பெருகாமல் வருடக்கணக்கில் சும்மா இருக்கக்கூடும். 1889-லேயே லண்டனில் ஸ்டீபன் பேஜெட் என்ற அறுவை மருத்துவர், புற்றுச் செல் விதை மாதிரி, தனக்கு ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். மார்பகப் புற்று எலும்புக்குப் போவதை அவர் கவனித்திருந்தார். ஹார்மோன் மாத்திரை அந்த மண்ணில் முளைக்க விடாமல் செய்வதற்குத்தான். கை கால் வலிக்கிறது, உடம்பு சூடாகிறது என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து பார்ப்பார்.

கேள்வி: பாட்டி சின்ன வயதிலிருந்தே வெற்றிலை பாக்கு போடுகிறவர், புகையிலை சேர்ப்பதில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, ஒரு மாதமாகப் போகவில்லை. எந்த ஸ்கேன் எடுக்கலாம்? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

பதில்: ஸ்கேனுக்கு அலையாதீர்கள் தம்பி. தோல் மாதிரி மெல்லிய திட்டில் நடக்கும் மாற்றம் சிடியிலோ பெட்டிலோ தெரியாது, டார்ச் வெளிச்சத்தில் பழகிய கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் உள்ள அரசாங்கப் பல் மருத்துவக் கிளினிக்குக்கு இந்த வாரமே பாட்டியைக் கூட்டிப் போங்கள், பல் வலிக்காக அல்ல, வாயில் திட்டு என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்களே வாய் அறுவை நிபுணரிடம் அனுப்பிச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு எல்லாம் புற்றாவதில்லை, ஆனால் மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம், அதில் வெற்றிலை பாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. புகையிலை இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். கொட்டைப்பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. பாட்டியைத் திட்டாமல் பாக்கை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். போகும்போது அவர் எத்தனை வருடமாகப் போடுகிறார், எந்தப் பக்கம் அடக்குவார் என்று கேட்டுக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.