ஐந்து கைகள் வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் பேரனுடன் விடியற்காலையில் பேஸ்பால் பார்த்துப் பார்த்து, அந்த ஆட்டம் எனக்கும் பிடிபட்டுவிட்டது. சீசன் முடிந்த கையோடு, “ஸ்டார்ட்டிங் பிட்சர் பத்தாது தாத்தா” என்று, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தெறியாளர்களைப் பற்றி அவன் புலம்ப ஆரம்பித்துவிடுகிறான். நம் ஐ.பி.எல். போல ஏலத்தில் ஒரு நல்ல ஆளை எடுத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்

பதில்: அங்கே ஏலமும் இல்லை, ஒரு நல்ல ஆளால் தீர்கிற சங்கதியும் இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அணி ஒன்று ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறத்தாழ நூறு பந்துகள் வீசிவிட்டு அடுத்த நான்கைந்து நாள்கள் ஓய்வெடுப்பார் என்பதால், வழக்கமாக ஐந்து பேரைச் சுழற்சி முறையில் இறக்குகிறார்கள். எத்தகைய கொம்பனாக இருந்தாலும், உடம்பு முழு சீசனும் ஒத்துழைத்தால்கூட, முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டங்களைத்தான் அவரால் தொடங்க முடியும். பும்ரா ஒவ்வோர் ஆட்டத்திலும் நான்கு ஓவர் வீசுவார். பிட்சரோ ஐந்தில் ஒன்றுக்குத்தான் கிடைப்பார்.

சீசனின் இறுதிச் சுற்றான உலகத் தொடர் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் தொடங்கும்வரை சந்தையில் நிற்பவர்கள் ஃப்ரீ ஏஜென்ட்டுகள். மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகளை முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்தவர்கள் எந்த அணியோடும் பேரம் பேசலாம். 2024 டிசம்பரில் மேக்ஸ் ஃப்ரீடை யாங்கீஸ் அணி எட்டு ஆண்டுகளுக்கு 218 மில்லியன் டாலருக்கு எடுத்தது இவ்வாறுதான். ஆனால், ஆறு ஆண்டு உழைத்த தோள் பெரும்பாலும் முப்பது வயதை நெருங்கியிருக்கும். பேசிய தொகையையோ, அவர் காயம்பட்டு ஒரு பந்துகூட வீசாவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். 2019 உலகத் தொடரின் நாயகனான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்கை வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 245 மில்லியன் டாலர் கொடுத்துத் தக்கவைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் தொடங்கியவை எட்டே ஆட்டங்கள். வாராக் கடனைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானிலிருந்து வருபவர்களில் சிலர் இன்னும் விலை கூடியவர்கள். 2023 டிசம்பரில் யோஷினோபு யமமோட்டோவுக்கு டாட்ஜர்ஸ் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 325 மில்லியன் டாலர் பேசியதோடு, அவருடைய பழைய அணியான ஓரிக்ஸுக்கும் தனியாகப் பணம் கட்டியது. அப்போது அவருக்கு வயது 25. 2025 உலகத் தொடரில் மூன்று ஆட்டங்களை அவரே வென்று கொடுத்தார். இது பெரிய பணப்பை உள்ளவர்களின் வழி.

டிரேட் என்பது நமக்கும் இப்போது புதிதல்ல. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை அணி வாங்கியபோது, இங்கே எத்தனை வீடுகளில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை நடந்தது! பேஸ்பாலில் நட்சத்திரத்துக்கு ஈடாகக் கைமாறுபவர்கள் பெரும்பாலும் மேஜர் லீக்கில் இன்னும் காலெடுத்து வைக்காத இளைஞர்கள். உங்கள் பேரனின் ஊர் அணியான ரெட் சாக்ஸ், 2024 டிசம்பரில் அப்படி நான்கு பேரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் கொடுத்து காரெட் குரோஷேயை வாங்கியது. அடுத்த சீசனில் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கிலேயே மிகுதியாக, மட்டையாளரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றும் ஸ்டிரைக்அவுட்டுகள் 255 எடுத்தவர் அவர்தான். அதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, 2024க்கு முன் அவர் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை என்பது. இடையில் வந்து, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஒன்றை மட்டும் வீசிவிட்டுப் போகும் ரிலீவராகவே இருந்தார். ஆகவே, என்னிடம் அந்தப் பணப்பையைக் கொடுத்தால், ஒரே கைக்கு மொத்தத்தையும் கொட்ட மாட்டேன். ஒரு டிரேட், குறுகிய கால ஒப்பந்தத்தில் இரண்டு நிதானமான பிட்சர்கள், சொந்தக் கூடாரத்திலிருந்தே மாற்றிப் பார்க்க ஒரு ரிலீவர் என்று பிரிப்பேன். ஐந்து பேரோடு தொடங்கும் அணி, செப்டம்பருக்குள் எட்டாவது ஆளைத் தேடுவது அங்கே சகஜம்.

கேள்வி: கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகு போகிறது. பிட்சர்களுக்கு மட்டும் ஏன் முழங்கை?
– கல்லூரி மாணவி, அண்ணா நகர்

பதில்: கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோ-பால், பிட்சருக்கோ அந்தச் சொடுக்குதான் பிழைப்பு. அதன் இழுவிசை முழுவதும் முழங்கையின் உட்புறத் தசைநாரில் இறங்கி, நாளடைவில் அது கிழிகிறது. 1974இல் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதிதாக ஒரு சிகிச்சை செய்தார். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைச் சற்றே உட்புறமாக மடக்கிப் பாருங்கள். நடுவில் வீணைத் தந்திபோல ஒன்று புடைத்தெழும். சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை; அதனால் குறையொன்றும் இல்லை. அப்படிச் சும்மா கிடக்கும் தசைநாணை உருவியெடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார் அவர். திரும்பி வந்த டாமி ஜான் மேலும் 164 ஆட்டங்களை வென்றார்.

இதிலும் ஒரு வியாபாரம் உண்டு. தேறிவர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும் என்பதால், கட்டுப்போட்ட கையோடு நிற்பவரைச் சில அணிகள் குறைந்த விலைக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பேசி வைத்துக்கொள்கின்றன. முதல் ஆண்டு தேறுவதிலேயே போகும், இரண்டாம் ஆண்டில் ஆட்டம் கிடைக்கலாம், தி. நகர் ஆடித் தள்ளுபடியில் சிறு பிசிறுள்ள பட்டுப்புடவையைத் துணிந்து எடுப்பதைப் போல.

கேள்வி: நம் நாட்டுப் பிட்சர் யாரையாவது அந்த அணிகள் எடுத்ததுண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு. ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்களை, ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் அவர்கள் வெளிப்பட்ட பிறகு, 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கைத் தாண்டவில்லை. இந்த ரிங்கு வேறு, சிக்ஸர் அடிக்கும் ரிங்கு வேறு. இவர் பிறகு அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.