இங்கிலாந்தில் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில் விளைந்த பூசணியை எப்போது பறிப்பது, எப்படிச் சமைப்பது?

காம்பு தக்கைபோல் உலர்ந்து, தோலில் நகம் பதியாத நிலையே அறுவடைக்குரிய பருவம். அது பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வாய்க்கும், ஆனால் உறைபனி விழுமுன் பறித்துவிட வேண்டும். காம்பில் 5 முதல் 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள், அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது, ஏனெனில் முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். சுமார் 10 நாள் வெயிலிலோ கண்ணாடிக் குடிலிலோ வைத்துத் தோலை இறுகவிட்டு, பின்னர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் உள்ள உலர்ந்த அறைக்கு மாற்றினால், சாம்பல் நீலத் தோலுடைய கிரவுன் பிரின்ஸ் என்ற பூசணி வகை ஜனவரி தாண்டியும் கெடாது. மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாவதால் இனிப்பும் கூடும்.

ஹாலோவீனுக்குச் செதுக்கும் பெரிய பூசணி நீர்த்த சுவையுடையது. என் கணிப்பில் சூப்புக்கு மட்டுமே ஆகும். உச்சிகி குரி என்ற பூசணி வகையைத் தோலோடு துண்டாக்கி, எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் விளிம்பு கருகத் தொடங்கும்வரை சுடுங்கள்.