தம்பானூரில் ராத்திரி இறங்கினால் எங்கே தங்குவது?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "68 வயது அம்மாவைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். ரயில் ராத்திரி 11 மணிக்கு மேல்தான் சேரும். காலை 8 மணிக்கு ஓ.பி.யில் இருக்க வேண்டும். ஸ்டேஷன் எதிரே ஆயிரம் ரூபாய்க்குள் லாட்ஜ் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் அந்த ஏரியா பெண்களுக்குச் சரிப்படாது என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி பயமுறுத்துகிறார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே தங்கலாமா?"

தங்கலாம். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும். மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி இருக்கிற மெடிக்கல் காலேஜ் பக்கம் போய்விடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் பாறசாலை. ஸ்டேஷன் இருக்கிற தம்பானூரில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன். பாதி நாள் நைட் ஷிப்ட்.

அண்ணாச்சி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ரயில் நிலையமும் கேரள அரசு பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே இருக்கிற இடம். குடித்துவிட்டு நடைபாதையில் சாய்ந்து கிடப்பவர்கள், சத்தம், சாக்கடை நாற்றம் எல்லாம் இருக்கும். ஆனால் ஆள் நடமாட்டம் விடிய விடிய ஓயாது, அதுவே ஒரு பாதுகாப்பு. கேரளத்தில் மாதம் 1ஆம் தேதி மதுக்கடைகளுக்கு விடுமுறை. அன்றைக்கு வந்து இறங்கினால் தெருவே சாதுவாக இருக்கும்!

நீங்கள் பயப்பட வேண்டியது புரோக்கரைப் பார்த்து. பிளாட்பாரத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் "அக்கா, ரூம் வேணுமா?" என்று நல்ல தமிழிலேயே கேட்பார்கள். ஒரு ரூமுக்கு இவ்வளவு என்று லாட்ஜில் அவர்களுக்குக் கமிஷன் போகும். நானே என் கையால் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். 700 ரூபாய் ரூமை 900 என்று எழுதிக் கொடுப்போம், அந்தக் காசு உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால் பேசாமல் நடந்துகொண்டே இருங்கள். ஒன்றாம் பிளாட்பாரத்தின் பழைய கல் கட்டடம் வழியாக, அதாவது தம்பானூர் வாசல் பக்கம் வெளியே வாருங்கள். பின்பக்கம் பவர் ஹவுஸ் ரோட்டுக்குப் போகிற வாசல் அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டாம்.

மாஞ்ஞாலிக்குளம் ரோடு, எஸ்.எஸ். கோவில் ரோடு, அரிஸ்டோ ஜங்ஷன் எல்லாமே நடக்கிற தூரம்தான். லாட்ஜ்கள் வரிசையாக இருக்கும். பலகையில் 'டூரிஸ்ட் ஹோம்' என்று போட்டிருந்தாலும் லாட்ஜ்தான், தயங்க வேண்டாம். ஆனால் நடு ராத்திரியில் அம்மாவை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கக் கூடாது. இரண்டு நாள் முன்பே போனில் பேசி ரூமை உறுதி செய்யுங்கள். செயலியில் புக் செய்தாலும் லாட்ஜுக்கு நேரே ஒரு போன் போடுங்கள். அப்புறம் கிளம்பிய அன்று இரவு 9 மணிக்கு மறுபடியும் கூப்பிட்டு, "ரயிலில் இருக்கிறோம், 11.30க்கு வருவோம்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது போன் ரொம்ப முக்கியம். பத்து மணிக்கு மேல் வராத ஆளின் ரூமை வாசலில் நிற்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுகிற வழக்கம் உண்டு. நாங்களும் கொடுத்திருக்கிறோம்.

போனில் இரண்டு விஷயம் கேளுங்கள். செக் அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா? நீங்கள் 11.30க்கு நுழைந்தால் முன்னதில் மறுநாள் இரவு வரை ரூம் உங்களுடையது. பின்னதில் பாதி நாள்தான் தேறும். அடுத்தது லிப்ட். தம்பானூரில் பல பழைய கட்டடங்களில் கீழே கடை, லாட்ஜ் மாடியிலிருந்துதான் தொடங்கும். லிப்ட் இருந்தாலும் அதுவரை ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கலாம். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் இதைக் குறிப்பாகக் கேளுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்றும் சேர்த்து. தரைத்தளத்தில் ரூம் கிடைத்தாலும் மழைக்காலத்தில் யோசியுங்கள். ஆமயிழஞ்சான் தோடு என்கிற ஓடை ரயில் நிலையத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. 2024 ஜூலையில் அதைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரையே விட்டார். கனமழை ஒரு மணி நேரம் நின்று பெய்தால் தம்பானூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ரூம்பாய் வந்து "வெள்ளமில்லா" என்றால் டேங்க் காலி என்று அர்த்தம். நம் ஊர்க்காரர் ஒருவர் "நல்லதுதானே" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சரி, லாட்ஜுக்கு வந்துவிட்டீர்கள். அட்வான்ஸைக் கையில் எடுக்காதீர்கள். "ரூமைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒழுங்கான லாட்ஜ் என்றால் சாவியை எடுத்து நீட்டுவார்கள், முகம் சுளிக்கிற இடத்தில் தங்க வேண்டாம்.

ரூமுக்குள் போனதும் பையைக் கட்டிலில் வைக்காமல் பாத்ரூம் தரையில் வையுங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டு, பெட்ஷீட்டின் தலைமாட்டு மூலையைத் தூக்கிப் பாருங்கள். மெத்தை ஓரத்துத் தையலில் பேனா மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். கட்டில் சட்டத்தின் திருகாணிக் குழிகளையும் பாருங்கள், பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிதாக வெளுத்த விரிப்பை நம்பி ஏமாறாதீர்கள். விரிப்பைத் தினமும் மாற்றுவோம், மெத்தையை மாற்ற எந்த முதலாளிக்கு மனசு வரும்? நாப்தலின் உருண்டை வாசனை தூக்கலாக அடித்தால் சுவர் ஓதம் காத்து நாறுவதை மறைக்கப் போட்டது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அந்த ரூம் ஆகாது.

கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டு ஒருமுறை வெளியே தள்ளிப் பாருங்கள். திருகு ஆடினால் வேறு ரூம் கேளுங்கள். சாலைப் பக்கம் ஜன்னல் வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு காதில் விழுந்துகொண்டே இருந்தால் அம்மா தூங்க மாட்டார். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். பொது பாய்லர் வைத்திருக்கிற இடங்களில் காலை 6 மணிக்கு மேல்தான் திறந்துவிடுவார்கள், நீங்களோ 7 மணிக்கு ஆட்டோவில் இருக்க வேண்டும்.

ரிஜிஸ்டரில் எழுதும்போது ஆதார் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதார் நகலை இணையத்தில் இறக்கி வைத்துக்கொண்டு அதைக் காட்டலாம். அசல் அட்டையை 'செக் அவுட் வரை இங்கே இருக்கட்டும்' என்று வாங்கி வைக்க விடாதீர்கள். அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். வரி என்று சொல்லி அதிகம் கேட்டால், ஒரு நாளைக்கு 7500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 900 ரூபாய்க்கு 45. அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. பழைய கணக்கிலேயே பில் போட்டால் கேளுங்கள், பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று தோன்றினால், ஸ்டேஷனிலேயே ரயில்வே ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். கிடைத்தால் அதை விடக் கூடாது. சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் சிக்கல். ஆற்றுக்கால் பொங்கல் வருகிற மாசி மாதமும், சபரிமலை சீசனும் என்றால் ஓய்வறை மட்டுமல்ல, ஊரில் எந்த ரூமும் சொன்ன விலைக்குக் கிடைக்காது. ஓ.பி. தேதியை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

காலையில் கிளம்பும்போது ரூமைக் காலி செய்துவிட்டே போங்கள். ஸ்ரீசித்திராவும் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே இருக்கின்றன. தம்பானூரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். 2022 மே மாதம் நிர்ணயித்த கட்டணப்படி ஆட்டோவுக்கு முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. நூறு ரூபாயை ஒட்டி வரும். இரவு 10 முதல் காலை 5 வரை பாதி கூடுதல். மீட்டரைப் போடச் சொல்லுங்கள், இந்த ஊரில் போடுவார்கள். டாக்டர் இன்னும் சில நாள் இருக்கச் சொன்னால் மெடிக்கல் காலேஜை ஒட்டிய உள்ளூர் (ஏரியாவின் பெயரே அதுதான்), குமாரபுரம் பக்கம் நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு அறை விடுகிற வீடுகள் உண்டு. சமைக்க அடுப்பும் கிடைக்கும். பத்தியச் சாப்பாடு வேண்டும் என்றால் லாட்ஜைவிட அதுதான் வசதி.

இரவில் யாராவது கதவைத் தட்டினால் திறக்காமலே ரிசப்ஷனுக்குப் போன் போடுங்கள். அதற்கு மேலும் தொல்லை என்றால் 1515, கேரள போலீஸின் பிங்க் பட்ரோல். பெண் போலீஸாரே வருவார்கள்.

திரும்பும் அன்று நேரம் இருந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக ஒரு கட்டடம் தெரியும். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். மேலே போகப் படியே கிடையாது, சரிவாகச் சுற்றிக்கொண்டு போகும் தளம்தான். அம்மாவைக் கீழ்மேசையிலேயே உட்கார வையுங்கள். மசாலா தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக இருக்கும், பார்த்துப் பயந்துவிடப் போகிறார்.