என் துயரம் உனக்குத் தெரியுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

திருமங்கலத்தில் நண்பர்கள் சிலர் மாதம் ஒரு புத்தகம் வாசித்துக் கூடிப் பேசுகிறோம். இந்த மாதம் காதலும் சாவும் பேயுமாக உள்ள ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுத வேண்டும். பன்னிரண்டு கதைகள். ஒன்பதில் செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நம்பாதவன் இதை எப்படி மதிப்பிடுவது?

வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

நம்பிக்கை தேவையே இல்லை. பேய் உண்டா இல்லையா என்பதை ஓரமாக வைத்துவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்வியை நம்ம மதுரையிலேயே ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வருகிறது. எதிரே வந்து நிற்காமல் பின்னால் நின்று பேசுகிறது. கண்ணகி பயப்படவில்லை. என் பின்னால் வருகிற நீ யார், என் துயரம் உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். எந்த ஆவிக்கதையை எடுத்தாலும் நான் அதனிடம் கேட்பது இதைத்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. ஒன்பது வயதில் காய்ச்சலில் போன என் அத்தைதான் அந்த வீட்டுக் கன்னித்தெய்வம். மாசி சிவராத்திரிக்கு அப்பத்தா புதுப் பாவாடை சட்டை எடுத்துப் பெட்டியில் வைப்பார். ஒரு தடவை ஜவுளிக்கடைக்கு நானும் போனேன். "எத்தனை வயசுப் பிள்ளைக்கும்மா?" என்றார் கடைக்காரர். "ஒம்பது" என்றார் அப்பத்தா. அத்தை போய் அப்போது முப்பது வருஷம் இருக்கும். பெட்டியில் இருக்கும் போன வருஷத்துத் துணியை எனக்குப் போட்டுவிடுவார்கள். பத்து முடிந்த வருஷம் அந்தச் சட்டை என் தோளில் ஏறவில்லை. அப்பத்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் தொகுப்பில் அந்தச் சட்டை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஆவி வரும் பக்கங்களைவிட, சாவுக்கு முந்தைய பக்கங்களை இரண்டாவது முறையும் வாசியுங்கள். இருவரும் சேர்ந்திருந்த நாட்கள் மனதில் ஒட்டவில்லையென்றால், பிறகு மல்லிகை வாசமும் கொலுசுச் சத்தமும் எத்தனை தடவை வந்தாலும் நமக்கு எதுவும் ஆகாது. செத்த பெண் பழிவாங்க மட்டுமே திரும்பி வரும் கதைகளில் எனக்கு எப்போதும் கோபம் வரும். உயிரோடு இருந்தபோது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட அவற்றில் இருக்காது. அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

அப்புறம், பன்னிரண்டுக்கும் கதைச்சுருக்கம் வேண்டாம். மூன்றை எடுத்து நிதானமாகப் பேசுங்கள். வருவது யார் என்பதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள், அது வாசிப்பவருக்கு உரியது. பேயே வராத அந்த மூன்று கதைகளையும் விட்டுவிட வேண்டாம். இந்த எழுத்தாளருக்கு இழப்பை எழுதத் தெரியுமா என்பது அங்கேதான் தெரியும்.

எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தம்பி.

அன்புடன்,
அக்கா